சீனியை விட்டவன் கதை

எங்கள் வீட்டில் சீனி கிடையாது. வருகிற விருந்தாளிகளிடம் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்வது என் வழக்கம். சீனிப் போத்தல் இருந்த தட்டில் இப்போது மேப்பிள் பாணி ஒரு பேணி, தேன், பேரீச்சம்பழப் பாணி, தென்னம்பாளைச் சீனி, ஸ்டீவியாப் பொடி, ஸ்டீவியாத் துளி, சீனர் கடையில் வாங்கிய காய்ந்த பழம் என்று இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்தக் காலத்தில் சீனிச் செலவை யாரும் கணக்கில் எடுத்ததில்லை. சீனியை விட்ட பிறகு அதற்கென்றே ஒரு கணக்குக் கொப்பி போட்டிருக்கிறாள் மனைவி.

இத்தனைக்கும் காரணம் எங்கள் குடும்ப வைத்தியர். கியூபெக்கில் குடும்ப வைத்தியர் ஒருவர் வேண்டுமென்றால் பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நானும் காத்திருந்தேன். காத்திருந்த காலம் முழுக்க எனக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. வைத்தியர் கிடைத்த அன்றே வருத்தமும் கிடைத்துவிட்டது. மூன்று மாதத்து இரத்தச் சீனியின் சராசரியைக் காட்டுகிற ஏ1சி சோதனையில் 6.3 வந்தது. கனடாக் கணக்கில் 6.0 முதல் 6.4 வரை வாசற்படி. 6.5 என்றால் வீட்டுக்குள்ளே வந்தாயிற்று, கதிரையில் இருக்கலாம். “அப்ப இன்னும் 0.2 மிச்சம் இருக்குது” என்றேன் மனைவியிடம். கணக்குச் சரிதான். சொன்ன இடம்தான் சரியில்லை.

சீனியைக் குறையுங்கள், தினமும் நடவுங்கள் என்று வைத்தியர் பிரெஞ்சில் சொன்னார். என் பிரெஞ்சு பஸ் ரிக்கற் வாங்குகிற அளவுப் பிரெஞ்சு. நடக்கச் சொன்ன பகுதி எனக்கு விளங்கவில்லை. குறைக்கச் சொன்னது அரைகுறையாக விளங்கியது. சீனி கூடாதாம், சரி, சீனி அல்லாத வேறு எதுவும் எவ்வளவும் சாப்பிடலாம் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியிலேயே கடைக்குள் இறங்கினேன்.

முதலில் வந்தது ஸ்டீவியா. பராகுவேயின் குவாரானி மக்கள் தலைமுறை தலைமுறையாக மாத்தேத் தேநீரில் போட்டுக் குடித்த இலை. மொய்செஸ் பெர்த்தோனி என்ற சுவிஸ்காரர் அந்த நாட்டில் குடியேறி, 1899இல் செடியைத் தாவரவியல் முறைப்படி எழுதி வைத்தார். பிறகு ஒவிடியோ ரெபாவுதி என்ற வேதியியலாளர் அதை ஆராய்ந்தார். பைக்கற்றில் ‘ரெபாவுடியோசைட் ஏ’ என்று பல்லை ஆட்டுகிற பெயர் ஒன்று இருப்பது அவருடைய நினைவாகத்தான். யப்பான்காரர் 1970களிலேயே பாவிக்கத் தொடங்கிவிட்டார்கள். கனடா நிதானமான நாடு. 2012 நவம்பரில்தான் ஸ்டீவியாச் சாற்றை உணவில் சேர்க்க அனுமதி கொடுத்தது. நான் கனடாவை விடவும் நிதானமானவன். ஆனால் நானே பராகுவே போய்ப் பறித்து வந்த மாதிரித்தான் வீட்டில் விளக்கம் கொடுத்தேன்.

சீனியைப் போல 200 முதல் 300 மடங்கு இனிப்பு என்று போட்டிருந்தது. அந்த எண்ணை நான் விளம்பரமாகத்தான் படித்தேன், எச்சரிக்கையாகப் படிக்கவில்லை. அதன் விளைவு தைப்பொங்கலன்று தெரிந்தது.

மொன்றியலில் தை மாதம் முற்றத்தில் பொங்கப் போனால் பால் பொங்குவதற்கு முதல் பொங்குகிறவர் உறைந்துபோவார். எனவே எங்கள் பொங்கல் மின்னடுப்பில், தலைக்கு மேலே இருக்கிற புகை எச்சரிக்கைக் கருவிக்கு மழைத்தொப்பி ஒன்றை மாட்டிவிட்டு நடக்கும். அந்த வருடம் சர்க்கரைக்குப் பதில் ஸ்டீவியா போடும் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். அது கலப்பில்லாத சுத்தப் பொடி. டப்பாவுக்குள் சின்ன விரல் நகத்தளவில் ஒரு வெள்ளைக் கரண்டி கிடந்தது. இத்தனை பெரிய பானைக்கு இந்தக் கரண்டியா, யாரோ பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் தவறி விழுந்திருக்கிறது என்று அதை ஒதுக்கிவிட்டு, வீட்டுத் தேக்கரண்டியால் தலை தட்டாமல் இரண்டு போட்டேன். ஒரு கிராம் பொடி கால் கிலோ சீனிக்குச் சமன், அப்பா போட்டது ஒன்றரைக் கிலோவுக்கு வரும் என்று மகள் பிறகு கணக்குப் பார்த்தாள். போடுவதற்கு முதல் சொல்லியிருக்கலாம். அவள் அப்போது படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பார்வைக்குப் பானையில் ஒன்றும் நடக்கவில்லை. சர்க்கரை போட்ட பொங்கல் பழுப்பேறி, மினுங்கி, அகப்பையைத் தூக்கினால் கூடவே இழுபட்டு வரும். இது வெள்ளைவெளேரென்று பாற்சோறாகவே கிடந்தது. வாழையிலையில் வைத்துப் படைத்துவிட்டு முதல் கவளம் வாயில் போட்டேன். இனிப்பே இல்லையே என்று நினைத்து இரண்டாவதும் போட்டேன். ஸ்டீவியா பிந்தி வருகிற இனிப்பு. வந்தால் போகாத இனிப்பு. அடித்தொண்டையில் தொடங்கி நாக்கின் இரண்டு கரையிலும் ஏறி, அதிமதுரக் கட்டையைச் சப்பிய வாசனையோடு நின்று, கடைசியில் செப்புக் காசை நக்கிய கசப்பாக முடிந்தது. தண்ணீர் குடித்தேன். தண்ணீர் இனித்தது. பல் தீட்டினேன். பற்பசை இனித்தது. தைமாதச் சூரியன் வழக்கமாக நாலரை மணி வரைக்கும் நிற்கிறவர், அன்று மத்தியானமே முகிலுக்குள் போய்விட்டார்.

“படைச்சதைத் திண்டிட்டார் போல” என்றாள் மனைவி.

அன்றைக்கு விளங்கிய சங்கதி ஒன்று உண்டு. சீனி இனிப்புக்கு மட்டும் வேலை செய்வதில்லை. பாகாகும், மாவைப் பிடிக்கும், எண்ணெயில் சிவக்கும், பலகாரத்தைக் கிழமைக்கணக்கில் பழுதாகாமல் வைத்திருக்கும். அரியதரத்துக்கு ஒரு கிலோ சீனியை எடுத்துவிட்டு நாலு கிராம் பொடியைப் போட்டால், மிச்சம் 996 கிராம் பார்த்த வேலையை யார் பார்ப்பது? இந்த இடைவெளியை நிரப்பத்தான் கடைப் பைக்கற்றுகளில் வேறு சாமான் சேர்க்கிறார்கள். முன்பக்கம் பச்சை இலைப் படம். பின்பக்கம் திருப்பினால் முதற் பெயராக எரித்ரிட்டோல் இருக்கும், அல்லது டெக்ஸ்ட்ரோஸ் இருக்கும். இலை எங்கேயோ வரிசையின் கடைசியில் நிற்கும். டெக்ஸ்ட்ரோஸ் என்றால் குளுக்கோஸ். ஊரில் காய்ச்சல்காரருக்குக் கரைத்துக் கொடுப்போமே, அதேதான். எரித்ரிட்டோல் சோளத்துக் குளுக்கோசை நொதிக்கவைத்து எடுப்பது. கலோரி ஏறக்குறைய இல்லை. ஆனால் அது இரத்தத்தில் கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக 2023இல் நேச்சர் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தொடர்பு இருக்கிறது என்பதுதான், அதுவேதான் காரணம் என்று நிறுவப்படவில்லை என்று மகள் விளக்கினாள். விளக்கத்தின் முதற் பாதியோடு மனைவி பைக்கற்றைக் குப்பையில் போட்டுவிட்டாள்.

பிறகுதான் ஊரோடு ஒத்துவாழ்வோம் என்று மேப்பிள் பாணிக்கு வந்தேன். உலகத்து மேப்பிள் பாணியில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்தக் கியூபெக் மாகாணத்தில் காய்ச்சுகிறார்கள். இங்கே அது 540 மில்லிலீற்றர் தகரப் பேணியில் வரும். பனியில் ஒரு மரக்குடில், புகைபோக்கி, குதிரை வண்டி எல்லாம் படம் போட்டிருக்கும். வாங்குகிறவனுக்கு நோய்க்கு மருந்து வாங்குகிற உணர்வே வராது. அதுதான் எனக்குப் பிடித்தது.

மார்ச், ஏப்ரலில் இரவு உறைந்து பகல் உருகுகிற சில கிழமைகளில்தான் மேப்பிள் நீர் இறங்கும். பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முதலே இந்த மண்ணின் பழங்குடிகள் இறக்கிக் காய்ச்சிய நீர் அது. சீனிக்குடில் என்று காட்டுப்பக்கம் கூட்டிப்போவார்கள்; கொதிக்கிற பாணியைப் பனியில் நீளமாக ஊற்றி, உறையும்போது ஒரு தடியால் சுருட்டி வாயில் வைக்கத் தருவார்கள். நான் போன அன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஊற்றிய மனிதர் என்னைப் பார்த்து, பேரப்பிள்ளைக்கா என்று கேட்டார். ஓம் என்றேன். எனக்குப் பேரப்பிள்ளை கிடையாது.

அந்தக் குடிலுக்குள் நின்றபோது எனக்கு ஊர்ப்பனை நினைவு வந்தது. மரத்தில் துளையிட்டு வாளி கட்டுவதும் பாளையைச் சீவி முட்டி கட்டுவதும் ஒரே தொழில். ஆனால் மேப்பிள் நீரில் இனிப்பு இரண்டு சதவீதம் அளவுதான்; நாற்பது லீற்றர் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. பனையில் இறக்கும் கருப்பணியில் இனிப்பு பத்து சதவீதத்துக்கு மேலே. நாங்கள் சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கி, அரைநாளில் காய்ச்சிப் பனையோலைக் குட்டானில் ஊற்றி ஆறவைத்துவிட்டு மிச்ச நாளில் அரசியல் பேசுவோம். அதனால்தான் வெள்ளைக்காரன் பாணிக்குச் சங்கமும் சேமிப்புக் களஞ்சியமும் கட்டினான், நாங்கள் அரசியலைச் சேமித்தோம்.

களஞ்சியம் என்றது பகிடி இல்லை. விலை விழாமல் இருக்க இங்கே உற்பத்தியாளர் சங்கம் மேப்பிள் பாணியைப் பீப்பாய் பீப்பாயாய்ச் சேமிக்கிறது. 2011, 2012இல் செயின்-லூயி-து-பிளாந்ஃபோர் என்ற ஊர்க் களஞ்சியத்திலிருந்து ஏறக்குறைய 3000 தொன் பாணியை, 18 மில்லியன் டொலர் பெறுமதி, மெதுமெதுவாக உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். சில பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பி வைத்தார்கள். கணக்கெடுக்க வந்தவர் அடுக்கில் ஏறினார், கனமாக இருக்க வேண்டிய பீப்பாய் ஆடியது, குட்டு உடைந்தது. தலைவனுக்குச் சிறையும் 9 மில்லியன் டொலருக்கு மேல் அபராதமும். அபராத வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2022இல் முடிந்தது. இந்தச் செய்தியை நான் மனைவிக்கு வாசித்துக் காட்டியது மேப்பிளின் மதிப்பைப் புரியவைக்க. அவள் அடுத்த நாளே என் பேணியில் பேனையால் மட்டம் கீறி வைத்தாள். தண்ணீர் விட்டு நிரப்பலாம் என்ற யோசனை எனக்கு வராமல் இல்லை. செய்தியை அவளும் கேட்டவளாயிற்றே.

மேப்பிள் பாணியில் மூன்றில் இரண்டு பங்கு சீனிதான், அதுவும் கரும்பில் இருக்கிற அதே சுக்குரோசு. ஒரு மேசைக்கரண்டியில் ஐம்பது கலோரி அளவு, சீனியிலும் அவ்வளவே. இரத்தத்தில் ஏறுகிற வேகம் கொஞ்சம் குறைவு, மங்கனீசுச் சத்து கொஞ்சம் உண்டு. அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு நான் வாதாடினேன். 2026 தொடக்கத்திலிருந்து கனடாவில் சீனி கூடிய பொதிகளின் முன்பக்கத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடிப் படம் போட்டு எச்சரிக்க வேண்டும் என்று சட்டம். மேப்பிள் பாணிக்கு அது தேவையில்லை. “பார்த்தீரே, அரசாங்கமே விட்டுட்டுது” என்றேன். தேனுக்கும் தேவையில்லை, வெறும் சீனிப் பைக்கும் தேவையில்லை, அதில் சீனி இருப்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால் விட்டிருக்கிறார்கள் என்றாள் மகள். படிக்கவைத்த காசு என்னுடையது.

“இது மரத்திலையிருந்து வாற இயற்கைச் சாமான்” என்று கடைசியாக ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்.

“கள்ளும் மரத்திலையிருந்துதானப்பா வருது” என்றாள் மனைவி.

உண்மையில் ‘தாவர இனிப்பு’ என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்களை நான் கேட்க விரும்புவது, கரும்பு என்ன மாட்டிலா காய்க்கிறது? இந்த மொன்றியலே கரும்பு தின்று வளர்ந்த பட்டணம். ஜோன் ரெட்பாத் 1854இல் லஷீன் கால்வாய்க் கரையில் சீனி ஆலை கட்டினார். கப்பலில் வந்த கரும்புச் சீனியை அங்கே வெள்ளையாக்கினார்கள். அந்தச் சீனிக் காசில்தான் மக்கில் பல்கலைக்கழகத்து ரெட்பாத் அருங்காட்சியகம் 1882இல் திறந்தது. ஆலைக் கட்டடம் இப்போது அடுக்குமாடி வீடுகள். வைத்தியர் நடக்கச் சொன்னார் என்பதை மகள் மொழிபெயர்த்துக் கொடுத்த பிறகு, நான் மாலையில் நடப்பது அந்தக் கால்வாய்க் கரையில்தான். அங்கே வீட்டு விலையைக் கேட்டால் இரத்தத்தில் சீனி தானாக இறங்கும்.

இனி வருவது மருந்துச் செடிகளின் காண்டம். சீனிக்குப் பதில் அதிமதுரத் தேநீர் குடி என்று ஒரு நண்பர் சொன்னார். வேரை அவித்தால் நல்ல இனிப்பு, ஊர் மருந்து, தொண்டைக்கும் சுகம். நல்லவேளை குடிக்கத் தொடங்குவதற்கு முதல் மகள் ஒரு கட்டுரையை எடுத்துத் தந்தாள். 2019இல் கனடிய மருத்துவச் சங்க இதழில், இதே மொன்றியலில் மக்கில் மருத்துவர்கள் எழுதியது: 84 வயதுக்காரர் ஒருவர் வீட்டில் தயாரித்த அதிமதுரப் பானத்தைத் தினமும் ஓரிரு கிளாஸ் என்று இரண்டு கிழமை குடித்துவிட்டு, இரத்த அழுத்தம் எகிறி அவசர சிகிச்சைக்கு வந்தாராம். அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். சீனி வருத்தத்துக்குப் பயந்து பிரஷரை வாங்கி வரப் பார்த்திருக்கிறேன்.

சீனர் பேட்டையில் துறவிப்பழம் கிடைத்தது. குவிலின் மலைப்பக்கத்தில் விளைவது. தேசிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாய், கபில நிறமாய், கையில் எடுத்தால் காற்றுப்போலக் கனமில்லாமல் இருக்கும். பெருவிரலால் அழுத்தினால் மொறுக்கென்று உடையும்; உள்ளே நாரும் விதையும் ஒட்டிக் கிடக்கும். அவித்துக் குடித்தால் கருகின சர்க்கரை மணம். எனக்குப் பிடித்தது. மனைவி அதை மருந்து என்று நினைத்து ஒரு நாளைக்கு ஒரு கோப்பை என்று அளந்து தந்ததால் அந்தக் காதல் வளரவில்லை.

கடைசியாகத் தமிழ்க் கடைக்காரர் ஒருவர் வழி சொன்னார்: சிறுகுறிஞ்சா. இது இனிப்பைத் தராது, இனிப்பைப் பறிக்கும். இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைப் போய் அடைத்துக்கொள்ளும். அரைமணி நேரம் போல சீனி சீனியாகத் தெரியாது. நல்ல திட்டம். ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போகும் முன் பொடியை நாக்கில் தடவிச் சப்பிக்கொண்டு போனேன். லட்டு தந்தார்கள். கடித்தேன். நெய் மணந்தது, ஏலக்காய் மணந்தது, முந்திரிகை தட்டுப்பட்டது; மிச்சமெல்லாம் நனைந்த மணல். அற்புதம், என்னைச் சீனி இனி ஒன்றும் செய்யாது என்று நம்பி, உறுதிப்படுத்த இன்னொன்று எடுத்தேன். பிறகு கேக். பிறகு தொதல். ருசியே தெரியாததால் எவ்வளவு சாப்பிட்டேன் என்பதும் தெரியவில்லை. அமிலம் அடைத்தது நாக்கைத்தான், குடலை அல்ல.

அன்றிரவு மகள் என்னைக் குசினி மேசையில் இருத்திவைத்து வகுப்பு எடுத்தாள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது: சேர்த்த சீனி ஒரு நாள் சக்தியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் என்றால் இன்னும் நல்லது, ஐந்து என்பது 25 கிராம், ஆறு தேக்கரண்டி. தேனும் பாணியும் இந்தக் கணக்கில் சீனியேதான். 2023 மே மாதம் அதே நிறுவனம் இன்னொன்று சொன்னது: உடல் எடையைக் கட்டுப்படுத்தச் சீனியல்லாத இனிப்புகளை நம்ப வேண்டாம், ஸ்டீவியாவையும் சேர்த்துத்தான். ஏற்கெனவே சீனி வருத்தம் வந்தவர்களுக்கு அந்தப் பரிந்துரை இல்லையாம். “அப்ப இன்னும் 0.2 ஏறினால்...” என்று தொடங்கினேன். அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் அப்பாச்சி நினைவுக்கு வந்தா. எங்கள் அப்பாச்சி தேத்தண்ணிக்குள் சீனி போட்டதே இல்லை. வெறும் சாயத்தேத்தண்ணி. மற்றக் கையில் புளியங்கொட்டையளவு பனங்கட்டி. ஒரு கடி, நாலு மிடறு. மிச்சத்தைக் கைக்குள்ளேயே பொத்தி வைத்துக்கொண்டு முற்றத்தில் போகிற வருகிறவர்களோடு பேசுவா. கோப்பை முடியும்போதும் கையில் ஒரு துணுக்கு இருக்கும். அதைப் பக்கத்தில் நிற்கிற பேரனுக்குத் தருவா. நான்தான் அந்தப் பேரன். பனங்கட்டியும் பெரும்பாலும் சுக்குரோசுதான், மகள் சொல்வதற்கு முதல் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் கோப்பைக்குள் கரைத்தால் மூன்று கரண்டி கேட்கிற நாக்கு, கடித்துக் குடித்தால் ஒரு துணுக்கோடு அடங்கிவிடுகிறது. நானும் அப்பாச்சி வழிக்கு மாறினேன். முதற்கிழமை தேத்தண்ணி பாவற்காய்க் கஷாயமாக இருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு, கடையில் யாரோ வாங்கித் தந்த, சீனியும் கிரீமும் இரட்டிப்பாகப் போட்ட ‘டபிள் டபிள்’ கோப்பியை என்னால் குடிக்க முடியவில்லை.

அடுத்த சோதனையில் 6.1. நடந்ததால்தான் என்கிறாள் மகள். அலுமாரிக்குப் பூட்டுப் போட்டதால்தான் என்கிறாள் மனைவி. பனங்கட்டிதான் என்கிறேன் நான். வைத்தியர் பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தால் என் பக்கம் மாதிரித்தான் இருந்தது.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு யாராவது வருவதென்றால் குட்டான் பனங்கட்டி இரண்டொன்று கொண்டு வாருங்கள். விமான நிலையத்தில் கேட்டால் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். என் மனைவியிடம் கொடுக்காமல் என்னிடமே தாருங்கள். பதிலுக்குத் தட்டில் இருப்பதில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். மூலையில் பேர்ச் மரத்துச் சைலிட்டோலும் ஒரு முழுப் பை உடைக்காமல் இருக்கிறது. வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள் மட்டும் அந்தப் பையைக் கேட்க வேண்டாம். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவே நாய்க்கு நஞ்சு.